சிறு அணைகளுக்கான ஆய்வுச் செலவு: மானியமாகத் தருவதா, கடனாகத் தருவதா?

கரைமேடு (இழையைத் தொடங்கியவர்):

சிறு அணைகளையும் நீர்த்தேக்கங்களையும் சீரமைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஆய்வுகளுக்குப் பொதுநிதியிலிருந்து உதவுவது பற்றிய விதிமுறை வரைவு ஒன்றைப் படித்துக் கருத்து எழுத வேண்டிய பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வரைவின் பெரும்பகுதியில் எனக்கு மறுப்பில்லை. ஒரேயொரு பிரிவு மட்டும் உறுத்துகிறது. ஆய்வுக்கான தொகை வட்டியில்லா முன்பணமாக வழங்கப்படும் என்றும், கட்டுமானத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் அத்தொகை கட்டுமானச் செலவில் சேர்ந்துவிடும் என்றும், கிடைக்காவிட்டால் அணையின் உடைமையாளர் அதைத் தவணையில் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது.

பார்ப்பதற்கு நியாயமான ஏற்பாடாகவே தெரிகிறது. ஆனால் ஆய்வு என்பது ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டாம்’ ஆகிய இரண்டு விடைகளுக்கும் சமமாக இடம் கொடுத்தால்தான் ஆய்வு. இங்கே ‘செய்யலாம்’ என்று வந்தால் கடன் மறைகிறது. ‘செய்ய வேண்டாம்’ என்று வந்தால் கடன் தலைமேல் நிற்கிறது. இந்த நிலையில் எந்த உடைமையாளர் இரண்டாவது விடையை விரும்புவார்? அவர் அமர்த்தும் ஆலோசகர் எந்த விடையைத் தேடிப் போவார்? ஒருவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வெள்ளக் கணக்கில் ஓர் எண்ணைச் சற்றுக் குறைத்தும், நீர்வரத்துக் கணக்கில் ஓர் எண்ணைச் சற்றுக் கூட்டியும் வைத்தால் போதும். எனவே ஆய்வுப் பணம் மானியமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் பழகியவர்கள் மறுத்துச் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

தணிக்கைக்கண்:

நீங்கள் சுட்டிய சாய்வு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மானியத்துக்கும் ஒரு சாய்வு உண்டு என்பதை நான் பல ஆண்டுகள் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்டிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணத்தில் செய்யப்படும் ஆய்வுகளில் கணிசமானவை யாரும் கேட்காத கேள்விக்கு எழுதப்பட்ட விடைகள். இரண்டு வெவ்வேறு அணைகளின் அறிக்கைகளில் அதே பத்திகள் வரிமாறாமல் வருவதையும், ஒன்றில் மட்டும் முந்தைய அணையின் பெயரை மாற்ற மறந்துவிட்டிருப்பதையும் நானே குறித்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008இல் சட்டம் இயற்றி, நீர்ச்சேமிப்பு, மறுபயன்பாடு, சிக்கனம் ஆகியவற்றுக்கான சாத்தியக்கூறு ஆய்வுகளுக்கென்று தனி மானியம் ஏற்படுத்தியது. கடன் இல்லை, மானியம்தான். ஆனாலும் மாநிலம் கொடுக்கும் அளவுக்கு விண்ணப்பிப்பவரும் தம் பங்கைப் போட வேண்டும். பாதிப்பணம் தன்னுடையது என்று ஆனவுடன் அறிக்கையின் முதல் பக்கத்தையாவது படித்துப் பார்க்கும் பழக்கம் உடைமையாளருக்கு வந்துவிடுகிறது. உங்கள் வரைவில் கடனை நீக்குவதானால் அதன் இடத்தில் இணைநிதி வர வேண்டும்.

பழைய மட்டக்கோல்:

நாற்பது ஆண்டுகள் கரைகளில் நடந்த கால்கள் என்னுடையவை. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் 1970கள்தான் மிகத் தெளிவான சாட்சி. 1972இல் இரண்டு பெரிய அணை விபத்துகள் நடந்த பின் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதும் உள்ள அணைகளைப் பார்வையிட்டு ஆராயும்படி ராணுவப் பொறியாளர் பிரிவுக்கு அதிகாரம் தந்து ஒரு சட்டம் நிறைவேறியது. அதிகாரம் வந்தது, ஆராய்வதற்கான பணம் வரவில்லை. அணைகளின் பட்டியல் மட்டும் தயாரானது. ஐந்தாண்டுகள் கழித்து, 1977 நவம்பர் 6ஆம் தேதி பின்னிரவில், ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா நகருக்கு அருகில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை வாரிச் சென்றது. 39 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 12 மீட்டர் உயர அணை அது. மரச்சட்டங்களுக்குள் கல் நிரப்பிக் கட்டிய பழைய தடுப்பின் மேல் காலப்போக்கில் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். மின் உற்பத்தி 1957இல் நின்றுபோயிற்று. அதன் பிறகு அது வெறும் ஏரி, யாருக்கும் வருமானம் தராத ஏரி.

அந்த விபத்துக்குப் பின்தான் பணம் வந்தது. 1978 முதல் 1981 வரை தனியாருக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொந்தமான, ஆபத்து மிகுந்த இடங்களில் உள்ள சுமார் 8,800 அணைகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று முடிவானது. பெரும்பாலானவற்றில் கண்ட குறை ஒன்றே: வரக்கூடிய வெள்ளத்தை வெளியேற்றும் அளவுக்குக் கலிங்கு அகலமாக இல்லை.

தணிக்கைக்கண் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதிப்பணம் போடச் சொல்வது வருமானம் உள்ள அணைக்குப் பொருந்தும். வருமானம் நின்றுபோன அணைதான் பெரும்பாலும் கவனிப்பாரற்று ஆபத்தாக மாறுகிறது. அதற்குப் பாதிப்பணத்தை யார் போடுவார்கள்? இணைநிதி கேட்டால் அந்த அணை வரிசைக்கே வராது.

தணிக்கைக்கண்:

ஏற்கிறேன், ஆனால் அரைகுறையாக. பாதுகாப்பு ஆய்வையும் மேம்பாட்டு ஆய்வையும் ஒரே பெட்டியில் போட்டதுதான் நம் குழப்பத்துக்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. கீழே மனிதர்கள் வாழும் ஓர் அணை நிற்குமா என்று பார்ப்பது பொதுக்கடமை. அதில் நூற்றுக்கு நூறும் பொதுநிதி தரலாம். அணையை ஒரு மீட்டர் உயர்த்தினால் யாருக்கு எவ்வளவு தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும் என்று பார்ப்பது பயனடைபவர்களின் தேவை. அங்கே அவர்கள் பங்கு போடத்தான் வேண்டும்.

பழைய மட்டக்கோல்:

பெட்டியைப் பிரிக்கலாம், ஆனால் களத்தில் அவை பிரிந்து நிற்பதில்லை. கரையை உயர்த்தலாமா என்று துளையிட்டுப் பார்க்கும்போதுதான் உள்ளே இருப்பது களிமண்ணா மணலா என்று தெரிகிறது. அதே துளை, அதே மண் மாதிரி, அதே செலவு. இரண்டு தலைப்பில் இரண்டு முறை துளையிட வைத்துவிடாதீர்கள்.

களிமண்:

நான் மண்ணியக்கவியல் படித்துக்கொண்டிருப்பவள். ‘ஆய்வு’ என்ற ஒரே சொல்லால் இங்கே மூன்று வெவ்வேறு வேலைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கரைமேல் நடந்து கண்ணால் பார்ப்பது ஒன்று. இருக்கும் தரவுகளை வைத்து வெள்ளம், கொள்ளளவு, உடைந்தால் நீர் எங்கே போகும் என்று கணக்கிடுவது இன்னொன்று. துளையிட்டு, மாதிரி எடுத்து, கரைக்குள் நீர்மட்டத்தைக் காட்டும் குழாய்களைப் பதித்து, ஒரு பருவமாவது கவனிப்பது மூன்றாவது. செலவில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பல மடங்கு.

முதல் வகை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் டாட்புருக் நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். அங்கே 1975ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டப்படி தகுதிபெற்ற பொறியாளர் 2018 நவம்பரில் நேரில் ஆய்வு செய்திருந்தார். 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதி மழைநீர் வழிந்தபோது மிகைநீர்ப் பாதையின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து, அடியில் இருந்த மண் அரித்துச் சென்றது. கீழே இருந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பாதையின் வடிவமைப்பே குறையுள்ளது என்றும், பராமரிப்பும் போதவில்லை என்றும் பின்னர் நடந்த தனி விசாரணை முடிவு செய்தது. பலகையின் தடிமனும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதும் மேலே நின்று பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் வகை போதும் என்பவர்களுக்கு மிச்சிகனின் ஈடன்வில் அணை. அதன் கலிங்கு பெருவெள்ளத்துக்குப் போதாது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதனால்தான் 2018இல் மின் உற்பத்தி உரிமமே ரத்தானது. எல்லோரும் கலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 மே 19 அன்று அது உடைந்தபோது நீர் கரைமேல் வழியவே இல்லை. கரையின் ஒரு பகுதியில் இறுகாமல் கிடந்த மணல், நீர்மட்டம் உயர்ந்ததும் திடீரென வலுவிழந்து, சில நொடிகளில் கூழ்போல் சரிந்துவிட்டது. தெரிந்த குறையைப் பற்றி எத்தனை கணக்குப் போட்டிருந்தாலும் இது வெளிப்பட்டிருக்காது.

ஆகவே எல்லா அணைகளுக்கும் மூன்றாம் வகை ஆய்வு என்றால் எந்த நிதியும் தாங்காது. எல்லாவற்றுக்கும் முதல் வகை மட்டும் என்றால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். ஒரு கட்டத்தின் முடிவு அடுத்த கட்டத்துக்கான பணத்தைத் திறக்கும்படி படிப்படியாக அமைக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ‘இத்துடன் நிறுத்தலாம்’ என்று சொல்பவருக்குத் தண்டனை இருக்கக் கூடாது. கரைமேடு அவர்கள் எழுப்பிய கேள்விக்கு என் பதில் இதில் அடங்குகிறது.

கடைமடை:

இங்கே எழுதுபவர்களில் அணையின் நீரை நம்பிப் பயிர் செய்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். எங்களைப் போன்ற பாசனதாரர் சங்கங்களிடம் இணைநிதி கேட்டால் வசதியுள்ள சங்கம் மட்டுமே விண்ணப்பிக்கும். பணத்துக்குப் பதில் உழைப்பையும் தரவையும் பங்காக ஏற்பார்களா என்பதை வரைவில் பாருங்கள். தினமும் நீர்மட்டத்தைக் குறிப்பது, கசிவு நீரைக் குடத்தில் பிடித்து அளப்பது, மழைமானியைப் பார்ப்பது ஆகியவற்றை நாங்கள் செய்ய முடியும். ஆலோசகர் மூன்று நாள் வந்து பார்ப்பதைவிட எங்கள் ஓராண்டுக் குறிப்பேடு பயன்படும் என்றே நம்புகிறேன்.

இன்னொரு கேள்வி, பொறியாளர் ஐயாவிடம். ஒவ்வொரு கூட்டத்திலும் ‘தூர்வாரினால் போதும், ஆய்வு எதற்கு?’ என்று ஒரு குரல் எழுகிறது. அதற்கு என்ன பதில் சொல்வது?

பழைய மட்டக்கோல்:

கடைமடைக்கு முதலில் ஒரு வணக்கம். கசிவை அளக்கும்போது அளவோடு நிறுத்தாமல், நீர் தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். தெளிந்த கசிவு பல கரைகளில் பல காலம் இருக்கும். கலங்கிய கசிவு என்றால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டிய செய்தி அது.

தூர்வாருவது பற்றிக் கணக்கோடு சொல்கிறேன். 20 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள தேக்கத்தில் முழுக்கொள்ளளவு மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்த முடிந்தால் ஏறத்தாழ 2 லட்சம் கனமீட்டர் கூடுதலாகத் தேங்கும். அதே அளவைத் தூர்வாரிப் பெற வேண்டுமானால் 2 லட்சம் கனமீட்டர் சேற்றை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். லாரி ஒன்றுக்குப் பத்து கனமீட்டர் என்றால் இருபதாயிரம் நடைகள். கொட்ட இடம் வேண்டும், போக வழி வேண்டும். தூர்வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டலை வயலுக்கு எடுப்பவர்கள் இருந்தால் கணக்கு மாறும். ஆனால் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண் படுகைதான் பல தேக்கங்களில் நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்குகிறது. எவ்வளவு ஆழம் வரை அள்ளலாம் என்று பார்க்காமல் இயந்திரத்தை இறக்கினால், கொள்ளளவு கூடும், தண்ணீர் நிற்காது. அப்படி ஆன ஒரு தேக்கத்தின் கரையில் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் நான் திரும்பி வந்ததுண்டு.

உயர்த்துவதிலும் பொறி இருக்கிறது. கலிங்கின் முகட்டை மட்டும் உயர்த்திக் கரையை அப்படியே விட்டால், வெள்ளத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே விட்டிருந்த காப்பு உயரத்தைத் தின்றுவிடுகிறோம். கரையையும் சேர்த்து உயர்த்தினால் அடித்தளம் தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. கலிங்கின் முகட்டை நேர்க்கோடாகக் கட்டாமல் மடிப்பு மடிப்பாகக் கட்டினால் அதே அகலத்துக்குள் வழியும் நீளம் கூடி, குறைந்த நீர் உயரத்தில் நிறைய நீரை வெளியேற்றலாம். பல பழைய அணைகளுக்கு இது நல்ல வழி. ஆனால் இந்த மூன்றில் எது உங்கள் தேக்கத்துக்கு ஏற்றது என்று தெரிய, தேக்கத்தின் அடித்தளத்தைப் படகிலிருந்து ஒலியலைக் கருவியால் அளந்து, இன்றைய உண்மையான கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். உலக அளவில் நீர்த்தேக்கங்கள் வண்டலால் ஆண்டுக்கு அரை விழுக்காடு முதல் ஒரு விழுக்காடு வரை கொள்ளளவை இழப்பதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். தனித்தனித் தேக்கங்களில் இது மிகவும் மாறும். கட்டிய நாளின் கொள்ளளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நீர் பங்கிடுவது, காலியான வங்கிக் கணக்கின் மேல் காசோலை எழுதுவது போன்றது.

ஆற்றோரம்:

இதுவரை யாரும் சொல்லாத ஒரு விடையையும் ஆய்வின் பட்டியலில் சேர்க்க வேண்டும்: அணையை அகற்றிவிடுவது. பயன் முடிந்த அணையைச் சீரமைப்பதைவிட எடுத்துவிடுவது மலிவாகவும் ஆற்றுக்கு நல்லதாகவும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டின் சிறு நீர்ப்பிடிப்புச் சட்டத்தின் உதவியோடு கட்டப்பட்ட ஏறத்தாழ 12,000 அணைகளில் பலவும் ஐம்பது ஆண்டு ஆயுளைக் கருதிக் கட்டப்பட்டவை. அந்த ஆயுள் முடியத் தொடங்கியபோது 2000இல் சட்டத்தைத் திருத்தி, மறுசீரமைப்புச் செலவில் 65 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்க வழி செய்தார்கள். அங்கே அகற்றுதலும் ஒரு வழியாக ஆராயப்படுகிறது. 2021இல் ஆபத்து மிகுந்த அணைகளுக்கென ஒதுக்கிய 58.5 கோடி டாலரில் 7.5 கோடி டாலரை அகற்றும் பணிகளுக்கே தனியாக வைத்தார்கள்.

கடன் முறையில் இந்த விடை பிறக்கவே பிறக்காது. அணையே இல்லாமல் போனால் கடனை எந்த வருமானத்தில் அடைப்பார்கள்?

தணிக்கைக்கண் அவர்கள் குறிப்பிட்ட ஓரிகன் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இணைநிதி அல்ல. மீன்கள் வாழும் ஓடையில் தேக்கம் அமைக்கும் ஆய்வுக்கு மானியம் கேட்டால், ஆற்றில் விட வேண்டிய நீரின் அளவு, மாற்று வழிகள், சூழலுக்கு நேரும் தீங்கு ஆகியவற்றையும் அதே ஆய்வு ஆராய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பணம் தருபவர் விடையைச் சொல்லக் கூடாது; கேள்வியைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

தணிக்கைக்கண்:

ஆற்றோரம் சொன்ன கடைசி வரியோடு எனக்கு முழு உடன்பாடு. கேள்விகளை விதிமுறையே பட்டியலிட்டுவிட்டால் நான் சொன்ன நகல் அறிக்கைகள் பாதி குறைந்துவிடும். கடன் வேண்டாம் என்பதற்கும் இப்போது இணங்குகிறேன். ஆனால் மேம்பாட்டு ஆய்வுக்கு இணைநிதி வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்; கடைமடை சொன்னபடி உழைப்பையும் குறிப்பேட்டையும் பங்காக மதிப்பிடலாம். மதிப்பிடும் முறையை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் தணிக்கையில் அதுவே முதல் தடையாக வரும். கூடவே, ஆய்வு செய்த ஆலோசகருக்கே கட்டுமானத்தின் வடிவமைப்புப் பணியும் தரப்படக் கூடாது. கடனை நீக்கிவிட்டு இந்த வாசலைத் திறந்து வைத்தால் நீங்கள் அஞ்சிய சாய்வு வேறு உருவில் உள்ளே வரும்.

பழைய மட்டக்கோல்:

இதில் மட்டும் எச்சரிக்கை. ஆய்வு செய்தவரை முற்றிலும் விலக்கினால் அவர் கரையைப் பற்றி அறிந்ததெல்லாம் அவரோடு போய்விடும். சிறு அணைகளில் வேலை செய்யத் தகுதியுள்ளவர்களும் சிலரே. விலக்குவதற்குப் பதிலாக, அறிக்கையை உடைமையாளரோடும் ஆலோசகரோடும் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்து, அதற்கான செலவையும் மானியத்திலேயே சேர்க்கலாம்.

கரைமேடு:

எல்லோருக்கும் நன்றி. என் குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆலோசகரை விலக்குவதா, சரிபார்ப்பதா என்பதில் இரண்டு கருத்துகளையும் அப்படியே பதிவு செய்கிறேன். இன்னும் ஒன்று தீரவில்லை: எந்த அணை இந்த நிதிக்குத் தகுதியுடையது?

உலகப் பேரணைகள் ஆணையத்தின் வரையறைப்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவை, அல்லது 5 முதல் 15 மீட்டருக்குள் இருந்து 30 லட்சம் கனமீட்டருக்கு மேல் தேக்குபவை பேரணைகள். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. இங்கிலாந்தில் உயரத்தைப் பார்ப்பதில்லை; தரைமட்டத்துக்கு மேல் 25,000 கனமீட்டர் தேக்கினால் சட்டம் பொருந்தும், வேல்ஸில் 2016 முதல் அது 10,000 கனமீட்டராகக் குறைக்கப்பட்டது. வரைவோ 5 மீட்டர் உயரம் என்று ஒரே கோடு கிழிக்கிறது.

களிமண்:

உயரக் கோடு அளப்பதற்கு எளிது என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லாதது. கீழே யார் இருக்கிறார்கள் என்பதே கோடாக இருக்க வேண்டும். நான்கு மீட்டர் அணையின் அடியில் பள்ளிக்கூடம் இருக்கலாம். பத்து மீட்டர் அணையின் கீழே காடு மட்டும் இருக்கலாம். உடைந்தால் நீர் பரவும் பகுதியைத் தோராயமாக வரைவது இன்றைய நில உயர வரைபடங்களைக் கொண்டு ஓரிரு நாள் வேலைதான். அதையே நுழைவுத் தேர்வாக வைத்து, அதன் செலவை எல்லா அணைகளுக்கும் நிதியே ஏற்கட்டும்.

கடைமடை:

அந்த வரைபடத்தை வெளியிட்டால் கீழே நிலம் வைத்திருப்பவர்கள் நிலத்தின் விலை சரிந்துவிடும் என்று எதிர்ப்பார்கள். வெளியிடாவிட்டால் அவர்களுக்கே தெரியாமல் போகும். எங்கள் சங்கத்திலேயே இரு தரப்பும் இருக்கின்றன. வெளியிடத்தான் வேண்டும் என்பது என் நிலை. ஆனால் கூட்டத்தில் அதை எழுந்து சொல்லப்போகிறவனும் நான்தான் என்பதால் இங்கே கொஞ்சம் தயங்கி எழுதுகிறேன்.

இன்னொரு சிறு சந்தேகம். ஆய்வு முடிந்ததும் மண் மாதிரி, அளவைக் குறிப்பு, பதித்த குழாய்கள் எல்லாம் யாருக்குச் சொந்தம்? சென்ற முறை வந்த ஆலோசகர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அச்சிட்ட அறிக்கை ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய மட்டக்கோல்:

பொதுப்பணத்தில் எடுத்த ஒவ்வோர் அளவும் பொதுச்சொத்து என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். துளையிட்ட இடங்களின் குறிப்பும், அளந்த எண்களும் கணக்கிடக்கூடிய கோப்பாகவே உடைமையாளரிடமும் நிதி தந்தவரிடமும் இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை அது கைக்கு வந்த பிறகே விடுவிக்கலாம். குழாய்களைப் பிடுங்க விடாதீர்கள். மூடி போட்டுப் பூட்டி, சாவியைச் சங்கத்தில் வையுங்கள். அளவையின்போது நட்ட மட்டக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, அது எங்கே இருக்கிறது என்பதை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கரை எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்க்க வருபவர் முதலில் தேடப்போவது அந்தக் கல்லைத்தான்.